சுண்டைக்காய் வேரில் கத்தரி
'வீரிய ரகங்கள் வந்தபின் காட்டு வகைகளைக் காப்பதால் விவசாயிக்கு வருமானம் இல்லை' என்று சிலர் சொல்வதை ஏற்க முடியவில்லை. கத்தரியின் காட்டு உறவான சுண்டைக்காயே அதற்குப் பதில். பெங்களூருக்குக் காய் அனுப்பும் கோலார், ஹொஸ்கோட்டே பக்கம் தக்காளி, கத்தரி, குடைமிளகாய் என ஒரே குடும்பப் பயிரையே மாற்றி மாற்றி வைத்தால் பாக்டீரியா வாடல் நோய் மண்ணிலேயே தங்கிவிடும். மருந்தடித்து ஒழிக்க முடியாது. பெங்களூரை அடுத்த ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்ஷக் என்ற வீரியத் தக்காளி அதைத் தாங்கும், அருமையான ரகம், ஆனால் போகத்துக்குப் போகம் விதை வாங்க வேண்டும். கத்தரிக்கோ நம் சுண்டைக்காயே போதும்! அதன் வேர் வாடல் நோயையும், வேரைத் தாக்கும் நுண்ணிய நூற்புழுவையும் தாங்குவதால் அதன்மேல் கத்தரியை ஒட்டுக்கட்டுகிறார்கள். சுண்டை மெதுவாக முளைக்கும்; கத்தரிக்கு 15-20 நாள் முன்பே விதைக்க வேண்டும். இரண்டு தண்டும் சுமார் 2 மி.மீ. தடிமனில் ஒத்திருக்கும்போது சாய்வாக வெட்டிப் பொருத்தி, கிளிப் போட்டு, ஒரு வாரம் ஈரப்பதமான நிழலில் வைக்க வேண்டும். பலர் கெடுத்துக்கொள்வது நடவில்தான்: ஒட்டிய இடம் மண்ணுக்குள் போனால் கத்தரித் தண்டே வேர்விடும், நோய் அதன் வழியாக ஏறிவிடும். ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் சுண்டைக் கிளைகளையும் உடனே கிள்ள வேண்டும். ஒட்டுக்கட்டினால் தண்டையும் காயையும் துளைக்கும் காய்ப்புழுவும் போகுமா என்று கேட்கலாம். போகாது, அதற்கு வாரம் ஒருமுறை வாடிய நுனிக்கொழுந்துகளை வெட்டி எரிக்க வேண்டும், ஆண் அந்துப்பூச்சிகளை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் வைக்க வேண்டும்.