இரட்டைக் கிளர்ச்சியை விட்டுவிட்டீர்களே
‘நேர் அயனியிடம் (எலெக்ட்ரானை இழந்த அணுவிடம்) சிக்கும் எலெக்ட்ரான் ஓர் ஒளித்துகளை உமிழ்ந்துவிட்டு அங்கேயே தங்கிவிடும்’ என்று, அயனியும் எலெக்ட்ரானும் மீண்டும் சேர்வது பற்றிய உங்கள் கட்டுரை முடித்துக்கொள்கிறது. சூரியனைச் சூழ்ந்த மிக வெப்பமான வெளி வளிமண்டலமான கரோனாவுக்கு அது போதாது. வரும் எலெக்ட்ரான், அயனிக்குள் இருக்கும் இன்னொரு எலெக்ட்ரானை மேல்நிலைக்குத் தூக்கிவிட்டு, ஆற்றல் குறைந்து தானும் மாட்டிக்கொள்வது உண்டு. இரண்டு எலெக்ட்ரான்களும் மேல்நிலையில் இருக்கும் இதுதான் இரட்டைக் கிளர்ச்சி. அப்புறம் அயனி ஒளி உமிழ்ந்து நிலைப்படும், இல்லையென்றால் ஓர் எலெக்ட்ரான் மறுபடி வெளியே ஓடிவிடும். இதைச் சேர்க்காதவரை, அணுக்கள் எலெக்ட்ரானை இழப்பதும் திரும்பப் பெறுவதும் ஈடாவதை வைத்துப் போடும் அயனிச் சமநிலைக் கணக்கு தந்த கரோனா வெப்பநிலை, நிறமாலைக் கோடுகளின் அகலம் காட்டியதில் ஏறத்தாழப் பாதிதான். 1964இல் இயற்பியலாளர் ஆலன் பர்ஜெஸ் இதைச் சேர்த்துக் காட்டிய பிறகே இரண்டும் நெருங்கின. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்து அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போனபோது ஒரு மாணவி, “கரோனாவின் பச்சைக் கோடு எங்கே சார்?” என்று கேட்டாள். 13 எலெக்ட்ரான்களை இழந்த இரும்பு தரும் 5303 ஆங்ஸ்ட்ராம் அலைநீள நிறமாலைக் கோடு அது. முழுக் கிரகணத்திலோ சூரிய வட்டை மறைத்துக் கரோனாவைக் காட்டும் கரோனாகிராஃபிலோதான் தெரியும். அவளுக்கு இந்தக் கதையைத்தான் சொன்னேன்.