அற்புதம் நடந்தால்தான் மைக் கிடைக்குமா?

அந்தக் காணொளியை நான் மறுபடி பகிரப் போவதில்லை. உங்களில் பெரும்பாலோர் பார்த்துவிட்டீர்கள்; பார்க்காதவர்கள் பார்க்காமல் இருப்பதே எண்ணூர்ப் பக்கத்து அந்த அக்காவுக்குச் செய்யும் மரியாதை. ஜெபக் கூட்டத்தில், ஆண்டவர் தமக்குச் செய்ததை எல்லார் முன்பும் சொல்லும் சாட்சி நேரத்தில் எழுந்து நின்று, கணவருக்கு இன்னும் டயாலிசிஸ் நடக்கிறது, வட்டிக்கு வாங்கிய கடன் அடையவில்லை, ஆற்றில் இறால் முன்புபோல் கிடைப்பதில்லை, ஆனாலும் ஆண்டவர் தினமும் என்னை எழுப்பி நடத்துகிறார் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோதே, மைக்கை நீட்டியிருந்த சகோதரர் அதைத் தன் பக்கம் இழுத்து, "அற்புதம் நடந்த பிறகு வந்து சொல்லுங்கம்மா, கர்த்தருடைய நாமம் மகிமைப்படும்" என்றார். கூட்டம் சிரித்தது. சிலர் "ஆமென்" என்றார்கள். சிரிப்பைக் கூட மன்னித்துவிடலாம். அந்த ஆமென்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

காணொளி அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது. அங்கே இருந்த ஒருவர் எனக்குச் சொன்னது, அக்கா அதற்கு மேல் சொல்ல வந்தது வேறு. டயாலிசிஸுக்கு அழைத்து வருகிறவர்கள் மணிக்கணக்கில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, கணவரை அழைத்துப் போகும் நாட்களில் ஒரு தூக்கில் கஞ்சி கொண்டுபோய் அவர்களுக்கும் ஊற்றுகிறாராம். அந்தக் கஞ்சியைக் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான் தன்னால் மறுபடியும் ஜெபிக்க முடிகிறது என்பதே அவர் சொல்ல நினைத்த சாட்சி. அதைச் சொல்ல விடவில்லை. ஏனென்றால் சிறுநீரகம் இன்னும் சரியாகவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான், அதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். கஷ்டம் தீராத வீட்டில், தீராத நாளில், ஒரு மனுஷி புதுப் பெலன் கொண்டு எழுந்து இன்னொருவருக்குக் கஞ்சி காய்ச்சுகிறாள் என்றால், அதுவே தேவன் செய்த காரியம். வேறொன்று நடந்து அதை உறுதிப்படுத்த வேண்டிய தேவை இல்லை.

வேதம் வேறு மாதிரிச் சொல்கிறதா என்று பார்ப்போம். எலியா கர்மேல் மலையில் அக்கினியை இறக்கிக் காட்டிய பெரிய தீர்க்கதரிசி. அவரே, தன்னைக் கொல்வதாகச் சபதமிட்ட ராணி யெசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சாவைக் கேட்டார். அதற்கு வந்த பதில் என்ன? தேவதூதன் யெசபேலைக் கொன்றுபோடவில்லை. விசுவாசம் போதாது என்று திட்டவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் வைத்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். மனுஷன் சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் வந்து எழுப்பினான். பிறகு ஓரேப் மலையில் ஆண்டவர் அவருக்குக் கொடுத்தது வேலை: இன்னாரை அபிஷேகம்பண்ணு, எலிசாவை உனக்குப் பின் ஏற்படுத்து. யெசபேல் அப்போதும் உயிரோடுதான் இருந்தாள். நம் சகோதரர் அந்த ஊரில் மைக் பிடித்திருந்தால், யெசபேல் செத்த பிறகு வந்து சொல்லும் ஐயா என்று எலியாவையும் உட்கார வைத்திருப்பார்.

"அப்படியானால் உங்களுக்கு அற்புதத்தில் நம்பிக்கை இல்லையா?" என்று உள்பெட்டியில் மூன்று பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். நம்பிக்கை இருக்கிறது. சுகம் பெற்றவர்களை எனக்கும் தெரியும், அவர்களுக்காக மனதார ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறேன். ஆனால் பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுத்துப்போடும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார், "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதிலே கிடைத்தது, முள் எடுக்கப்பட்டதாக எங்கும் எழுதியிருக்கவில்லை. பவுலுக்கு விசுவாசக் குறைவு என்று சொல்லத் தைரியம் உள்ளவர்கள் அதற்குப் பிறகு அந்த அக்காவைப் பற்றிப் பேசலாம். ராஜாவின் சிலையை வணங்க மறுத்து அக்கினிச் சூளைக்கு முன்னால் நின்ற மூன்று வாலிபரும், எங்கள் தேவன் எங்களை விடுவிப்பார் என்று சொன்ன அதே மூச்சில், "விடுவிக்காமற்போனாலும்" என்றும் சொன்னார்கள். அந்த முதல் பாதியை வைத்து எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இரண்டாம் பாதி ஏன் நம் மேடைகளுக்கு ஏறுவதில்லை? மாதா மாதம் ஏலச்சீட்டுக்குப் பணம் கட்டியவர் தன் முறை எப்போது வரும் என்று கேட்பதுபோல ஜெபத்தைப் பழக்கிவிட்டோம். சீட்டு விழாதவரைப் பார்த்தால் நமக்கே சங்கடமாக இருக்கிறது, அதனால் உட்காரச் சொல்கிறோம்.

இதைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். 2021 மே மாதம் என் தம்பியைக் காசிமேடு கல்லறையில் வைத்தோம். அந்தக் கொரோனா மாதம் எப்படி இருந்தது என்று சென்னையில் இருந்த யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. அவனை அடக்கம்பண்ணிய அடுத்த வாரம் ஒரு பிரசங்கியார் முகக்கவசத்தோடு வீட்டு வாசலில் நின்று, குடும்பத்தில் அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று என் அம்மாவிடம் கேட்டார். எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த சிநேகிதர்கள் கூட முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு அந்த ஏழு நாள் சலுகைகூடக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. அம்மா விடியற்காலையில் சங்கீதம் வாசிப்பார்கள், நான் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பேன். எங்கள் சபை உபதேசியார் ஒருநாள் போன் செய்து, தனிமைப்படுத்தலில் இருக்கிற குடும்பங்களின் அடக்கங்களுக்கு ஆள் போதவில்லை, வந்து அடக்க ஆராதனை வாசிக்க முடியுமா என்று கேட்டார். ஐயா, என்னால் ஜெபிக்கவே முடியவில்லை என்றேன். "நீ ஜெபிக்க வேண்டாம் தம்பி, வாசித்தால் போதும்" என்றார். போனேன். வெள்ளை உடைக்குள் வேர்த்து ஊற்ற, ஒரு கையில் புத்தகமும் மறு கையில் அந்தக் குடும்பத்தார் காணொளி அழைப்பில் பார்த்துக்கொண்டிருந்த கைபேசியுமாக, முகம் தெரியாத யாரோ ஒருவருடைய அப்பாவுக்காக, "ஆண்டவரே, தேவரீர் தலைமுறை தலைமுறையாக எங்களுக்கு அடைக்கலமானவர்" என்று தொண்ணூறாம் சங்கீதத்தை உரக்க வாசித்தேன். கைபேசியின் அந்தப் பக்கம் ஒரு பெண் அழுதுகொண்டே கூடச் சொன்னார். பிறகு மறுநாளும் கூப்பிட்டார்கள், அதற்கு மறுநாளும்.

என் தம்பி திரும்பி வரவில்லை. அவன் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வானத்திலிருந்து வழி திறக்கவில்லை, இன்றைக்கும் நாங்கள்தான் மென்றும் விழுங்கியும் கட்டுகிறோம். ஆனால் விடிந்தால் எழுந்து போக ஓர் இடம் இருந்தது, அங்கே நான் தேவைப்பட்டேன், அங்கே வைத்துத்தான் அந்த வார்த்தைகள் எனக்கு மறுபடி உயிர் பெற்றன. எங்கள் புறம்பான மனுஷன் அழிந்தும் உள்ளான மனுஷன் நாளுக்குநாள் புதிதாக்கப்படுகிறது என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியது சுகவாசியின் தத்துவம் அல்ல என்று அந்தக் கல்லறையில் நின்று தெரிந்துகொண்டேன். இதைச் சாட்சியாகச் சொல்ல எழுந்திருந்தால் எனக்கும் மைக் கிடைத்திருக்காது.

நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. டோனாவூரில் குழந்தைகளுக்காகவே வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் கீழே விழுந்து அடிபட்டார். 1951-ல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே, வலியோடு படுத்திருந்தார். அவருக்காக ஜெபிக்க ஆள் இல்லாமலா போயிற்று? அந்த அறையிலிருந்துதான் புத்தகம் புத்தகமாக எழுதினார், பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதினார். இருபது வருஷமும் "அற்புதம் நடந்த பிறகு வாருங்கள்" என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், பாவம், சொல்ல ஆள் இல்லை.

நேரக் கட்டுப்பாடு, கூட்ட ஒழுங்கு என்கிறவர்களுக்கு: அன்றைய காணிக்கை அறிவிப்பு எவ்வளவு நேரம் நடந்தது என்று அதே காணொளிப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். இதற்கு மேல் அந்த வாதத்துக்கு மரியாதை கிடையாது.

என் பகுத்தறிவுத் தோழர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள்மேல் எனக்கு அன்பு உண்டு. அந்தக் காணொளியைப் பார்த்து, "சாமி கைவிட்டபிறகும் சாமியா?" என்று சிரிப்புப் பொம்மை போட்டிருந்தீர்கள். ஜெபம் மனிதரை மழுங்கடித்து உட்கார வைத்துவிடும் என்ற உங்கள் கவலை நியாயமானது; அப்படி உட்கார வைக்கிற சபைகள் உண்டு, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி எண்ணூர் முகத்துவாரம் கறுத்தபோது, படகும் வலையும் வீட்டுச் சுவரும் பிசுபிசுத்துக் கிடந்தபோது, சாலையில் உட்கார்ந்து நியாயம் கேட்ட பெண்களில் இந்த அக்காவும் ஒருவர். காலையில் ஜெபித்துவிட்டுத்தான் வந்தார். உங்களில் எத்தனை பேரை அன்றைக்கு அங்கே பார்த்தேன் என்று சொன்னால் நட்பு கெட்டுவிடும், விட்டுவிடுகிறேன். கடவுள் இல்லை என்று நீங்கள் சொல்லலாம். அந்தப் பெண்ணை எழுப்புவது எது என்று அவரிடமே கேட்காமல் நீங்களே பதில் சொல்வதும், மைக்கைப் பிடுங்குவதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

அரிசி மூட்டைக்காக மதம் மாறியவர்கள் என்று எங்களைப் பற்றி எழுதியவர்களுக்கு, எங்கள் வீட்டுக்கு வந்த இலவச அரிசி எல்லாம் ரேஷன் கடையிலிருந்து வந்தது. உங்கள் வீட்டுக்கும் அங்கிருந்துதான் வந்திருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று சுவர் சுவராக "கடன் தொல்லையா? தீராத வியாதியா?" என்று ஊழியக்காரர்கள் ஒட்டுகிறார்களே, அண்ணா நகரில் ஏன் ஒட்டுவதில்லை? அங்கே கடனும் வியாதியும் இல்லையா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாமல் மீட்டர் வட்டிக்கு வாங்குகிற குடும்பங்கள் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துதான் வருகிறார்கள். எங்கள் கஷ்டம் அவர்களுடைய சுவரொட்டிக்குத் தேவைப்படுகிறது, மேடைக்கு வந்தவுடன் அதே கஷ்டம் அவமானமாகிவிடுகிறது. வடசென்னை என்றால் சினிமாக்காரர்களுக்குக் கத்தி, அரசுக்குக் குப்பைக் கிடங்கு, அனல்மின் நிலையச் சாம்பல் குளம். ஊழியக்காரர்களுக்காவது நாங்கள் மனிதராகத் தெரியக் கூடாதா? தம்பியைப் பறிகொடுத்த வீட்டில் பாவக் கணக்குக் கேட்டவரும், சிறுநீரகம் சரியானதா என்று கணக்குக் கேட்டவரும் ஒரே கணக்குப் புத்தகத்தைத்தான் வைத்திருக்கிறார்கள்.

இந்தப் பதிவுக்குக் கீழேயும் வழக்கம்போல யாராவது எரேமியா 29:11-ஐப் பூப் படத்தோடு ஒட்டுவார்கள், சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்று. எனக்கும் பிடித்த வசனம்தான். அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதின கடிதம். அதே கடிதத்தில் மேலே, வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைப் பெறுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்று எழுதியிருக்கிறது. இரண்டு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடை போட்டுச் சொன்ன பொய்த் தீர்க்கதரிசி அனனியா அதற்கு முந்தின அதிகாரத்திலேயே வருகிறான். அவன் கதை எப்படி முடிந்தது என்பதையும் படித்துக்கொள்ளுங்கள். ஆகவே 11-ஐ ஒட்டுகிறவர்கள் தயவுசெய்து 10-ஐயும் சேர்த்து ஒட்டவும். எழுபது வருஷம் என்று போட்டிருக்கிறது.