கூலி பேசாமல் போனவர்கள்

ஒரு ஞாயிறு ஆராதனையில் ஒரு சகோதரி சாட்சி சொல்ல எழுந்தார். சபைக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. பல வருடங்களாக வீட்டுப் பக்கமே வராத மகன் அந்த வாரம் வாசலில் வந்து நின்றானாம். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். ஆனால் மனது ஒட்டவில்லை. என் தம்பி குடியை விட வேண்டும் என்று 9 வருடமாக ஜெபிக்கிறேன். எத்தனை உபவாசம், எத்தனை இரவுகள்! "ஆண்டவரே, இது நியாயமா?" என்றுதான் உள்ளே ஓடியது.

அன்று இரவு பைபிளில் மத்தேயு 20-ஆம் அதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இயேசு சொன்ன திராட்சத்தோட்டத்து வேலையாட்களின் உவமை. தோட்டத்து எஜமான் ஒருவர் காலை முதல் சாயங்காலம் வரை பல தடவை போய் வேலைக்கு ஆள் கூப்பிடுகிறார். சிறு வயதிலிருந்து கேட்ட கதைதான். விடியற்காலையில் வந்தவனுக்கும், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் அதே ஒரு பணம். பகலின் கஷ்டத்தையும் வெயிலின் உஷ்ணத்தையும் சகித்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், நான் எப்போதுமே அவர்கள் பக்கம்தான்.

அன்றைக்குத்தான் ஒன்று கண்ணில் பட்டது. கூலி இவ்வளவு என்று பேசி முடித்துப் போனவர்கள் முதலில் வந்தவர்கள் மட்டும்தான். அடுத்து வந்தவர்களிடம் எஜமான் தொகை எதுவும் சொல்லவில்லை. "நியாயமானபடி உங்களுக்குக் கூலி கொடுப்பேன்" என்கிறார். அவ்வளவுதான், அவர்களும் போனார்கள். எவ்வளவு என்று கேட்கவில்லை. அந்த மனிதரின் நியாயத்தை மட்டும் நம்பி வேலைக்கு இறங்கினார்கள். கடைசியில் வந்தவர்களோ நாள் முழுக்கச் சும்மா நின்றவர்கள். ஏன் என்று கேட்டால், "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள். சோம்பேறிகள் இல்லை, யாரும் கூப்பிடாதவர்கள். ஒரு பணம் என்பது அந்தக் காலத்தில் ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அதில் பன்னிரண்டில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு போனால் வீட்டில் என்ன சமைப்பது? எஜமான் பார்த்தது அவர்கள் உழைத்த மணிக்கணக்கை அல்ல, அவர்களுக்கு வேண்டியதை.

அப்புறம், கடைசியில் வந்தவர்களுக்குத்தான் முதலில் கூலி கொடுக்கச் சொல்கிறார். காலையில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால் பேசாமல் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். சண்டையே வந்திருக்காது. இவர்கள் பார்க்க வேண்டும் என்றே செய்த மாதிரி இருக்கிறது. அவர்களுக்குப் பேசிய கூலி குறையவில்லை. மற்றவன் கையில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் தன் கையில் இருப்பது சிறுத்துப் போனது. "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?" என்று கேட்கிறார் எஜமான். வன்கண்ணன் என்றால் இங்கே பொறாமைக் கண்ணோடு பார்க்கிறவன். அந்த 'கண்' என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சகோதரியைப் பார்த்த என் கண் அதுதான்.

இந்த உவமைக்குச் சற்று முன்னால், 19-ஆம் அதிகாரத்தில், எல்லாவற்றையும் விட்டு வந்த எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று சீடரான பேதுரு கேட்கிறார். அதற்கு இயேசு கோபப்படவில்லை, வாக்குத்தத்தம்தான் கொடுக்கிறார். பழைய ஏற்பாட்டில் எரேமியா தீர்க்கதரிசியும் கர்த்தர் நீதியுள்ளவர் என்று சொல்லிக்கொண்டே அவரோடு வழக்காடுகிறார். அதனால், வலியில் இருக்கிறவர்களிடம் போய் "தேவன் நியாயமுள்ளவர், கேள்வி கேட்காதே" என்று தயவுசெய்து யாரும் வாயை அடைக்காதீர்கள். கேட்பது அவிசுவாசம் அல்ல. ஆனால் நான் செய்துகொண்டிருந்தது வேறு. 9 வருட ஜெபத்தை ஒரு ரசீது மாதிரி நீட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் அந்தச் சகோதரியே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உங்களுக்காக நான் எதைக் குறித்து ஜெபிக்கட்டும்?" என்றார். தம்பியின் பெயரைச் சொன்னேன். உடனே பைபிளின் பின்னட்டை உட்புறத்தில், தன் மகன் பெயருக்குக் கீழே, எழுதிக்கொண்டார்.

தம்பி இன்னும் குடிக்கிறான். நானும் ஜெபிக்கிறேன், எத்தனை வருடம் என்று அவரிடம் சொல்லாமல்.