படம் எடுத்தால் சுவரின் உள்ளே தெரியுமா?

“வீட்டைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்றுங்கள், சுவருக்குள் இருக்கும் விரிசலும் பழுதுபார்க்கும் செலவும் பைசா சுத்தமாக வந்துவிடும். இனிப் பொறியாளர் எதற்கு?” காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப் குழுக்களில் இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு.

இதில் உண்மையின் ஒரு துளி இருக்கிறது. கட்டுமான மென்பொருள்களில் செயற்கை நுண்ணறிவு நுழைந்திருப்பது மெய்தான். ஆட்டோடெஸ்க் என்ற மென்பொருள் நிறுவனத்தின் ‘கன்ஸ்ட்ரக்ஷன் ஐக்யூ’, கட்டட வேலை நடக்கும் இடத்தில் பதிவாகும் குறைகளைப் படித்து, எது அவசரம் என்று வரிசைப்படுத்துகிறது. அலுவலர் பல நாள் அறிக்கைகளைப் புரட்டித் தேடியதை, இப்போது சில மென்பொருள்கள் கேள்வி கேட்டதும் எடுத்துத் தருகின்றன. சேர்த்து வைத்த தரவை அலசும் வேலை அது. சுவரை ஊடுருவும் எக்ஸ்ரே அல்ல.

அந்தத் தரவு பெரும்பாலும் கான்கிரீட், இரும்புக் கட்டடங்களுடையது. நம் ஊர்ப் பழைய செட்டிநாட்டு வீடோ சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டி, முட்டை வெள்ளைக்கருப் பூச்சு. மேலே பர்மா தேக்கு. பளபளவென்று மின்னும் பூச்சுக்குப் பின்னால் செங்கல்லைவிட்டு அது விலகியிருந்தால் படத்தில் தெரியாது. கைதேர்ந்த கொத்தனார் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். ‘டொக்’ என்று வெறுமையாக ஒலித்தால் சுண்ணாம்புக் கட்டியால் அங்கே ஒரு வட்டம் போடுவார். உத்தரத்தைக் கரையான் அரித்திருக்கிறதா என்பதற்கு ஏணிதான் வேண்டும்.

அளவு, கூலி, பொருள் விலை ஆகியவற்றை நீங்களே சரியாக உள்ளிட்டால் மென்பொருள் தோராயக் கணக்குப் போட்டுத் தரும். ஒற்றைப் படத்தை வைத்து மதிப்பீடு கேட்டு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.