குலோத்துங்கன் ஏன் பேசவில்லை?

(கோவை வடவள்ளியில் ஒரு தெருமுனை. வேப்பமர நிழலில் இஸ்திரி வண்டி. முருகேசன் சட்டைக் காலர் மேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறார். இவர் வீட்டு மொட்டை மாடியில் பல வருடமாக லவ் பேர்ட்ஸ் (நம் ஊரில் இப்படிச் சொல்லப்படும் பட்ஜரிகர் என்ற சின்னக் கிளி) வளர்க்கிறார் என்பது தெருவுக்கே தெரியும். வங்கியில் ஓய்வு பெற்ற சபாபதிக்கு மட்டும் நேற்றுத்தான் தெரிந்தது.)

சபாபதி: முருகேசன், இந்தத் துணியை முதலில் தேய்த்துக் கொடுங்கள்.

முருகேசன்: (விரித்துப் பார்த்து) என்னங்க சார் இது, மேஜை விரிப்பா? நடுவில் ஓட்டை இருக்கிறதே?

சபாபதி: கூண்டுத் துணி. ஓட்டை கொக்கிக்காக. ஞாயிற்றுக்கிழமை உக்கடத்தில் ஒரு லவ் பேர்ட்ஸ் வாங்கினேன். இரவானால் மூடச் சொன்னார்கள். கசங்கிய துணியைப் போட்டா மூடுவது?

முருகேசன்: உள்ளே இருப்பதற்கு இருட்டினால் போதுங்க, மடிப்பெல்லாம் அது பார்க்காது. சரி, கொடுங்க. ஆள் எப்படி இருக்கிறார்?

சபாபதி: அதைக் கேட்கத்தான் வந்தேன். பெயர் குலோத்துங்கன். வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. நான் என்னவோ ஆடிட்டுக்கு வந்தவன் மாதிரி, ஒரு மூலையில் ஒடுங்கி என்னையே பார்க்கிறது.

முருகேசன்: முதல் நாள் என்ன செய்தீர்கள்?

சபாபதி: ஒரு குறையும் வைக்கவில்லை. வாசலில் ஆரத்தி. அப்புறம் சாம்பிராணி போட்டுக் கூண்டைச் சுற்றிக் காட்டினோம்.

முருகேசன்: (பெட்டியை டக்கென்று நிமிர்த்தி வைத்து) அட கடவுளே! சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவுமே அதற்கு ஆகாதுங்க. நான் நாள் முழுக்கக் கரியோடு கிடக்கிறவன். குளித்து, சட்டை மாற்றிவிட்டுத்தான் மாடிப்படியே ஏறுவேன். கூண்டை எங்கே வைத்திருக்கிறீர்கள்?

சபாபதி: சமையலறை வாசலில். ஆள் நடமாட்டம் இருந்தால் சீக்கிரம் பழகுமே.

முருகேசன்: தோசைக்கல் இரும்பா, நான்ஸ்டிக்கா?

சபாபதி: நான்ஸ்டிக். ஏன், தோசை கொடுக்கலாமா?

முருகேசன்: அதற்கில்லைங்க. அந்தக் கல்லை அடுப்பில் மறந்து வைத்துச் சூடு அளவுக்கு மீறினால் ஒரு புகை கிளம்பும். நமக்குச் சட்டென்று தெரியாது. பறவை சில நிமிடத்தில் செத்து விழும். கூண்டை இன்றைக்கே ஹாலுக்குக் கொண்டுபோங்க. ஒரு பக்கமாவது சுவரை ஒட்டி இருக்கட்டும். நாலு பக்கமும் திறந்திருந்தால், எந்தப் பக்கம் பூனை வருமோ என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தே களைத்துவிடும். ஃபேனுக்கு நேர் கீழே வேண்டாம். நேர் வெயிலும் வேண்டாம்.

சபாபதி: ஹாலில் டிவி இருக்கிறதே. இரவு ஒன்பது மணிக்கு நான் விவாதம் பார்ப்பேன்.

முருகேசன்: எட்டுப் பேர் ஒரே நேரத்தில் கத்துவார்களே, அதுவா?

சபாபதி: நேற்று ஆறு பேர்தான்.

முருகேசன்: சார், அது 30, 40 கிராம் எடை. ஒரு சட்டைக் கைமடிப்பில் உட்கார்ந்துவிடும். அதற்கு முன்னால் ஆறு பேர் கத்தினால் எங்கேயிருந்து வாய் திறக்கும்? பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் கொடுங்க. தீனி?

சபாபதி: தினை. அதுதான் பெரிய கவலை. மூன்று நாளாகக் கிண்ணம் வைத்தபடியே நிறைந்திருக்கிறது. ஒரு மணிகூடத் தொடவில்லை.

முருகேசன்: ஊதிப் பார்த்தீர்களா?

சபாபதி: சூடாகவா கொடுத்தோம், ஊதுவதற்கு?

முருகேசன்: (சிரித்து) தினையை அது உரித்துத் தின்றுவிட்டுத் தோலை அதே கிண்ணத்தில் போடும். மேலே பார்த்தால் நிறைந்த மாதிரியே இருக்கும். ஊதினால் தோல் பறந்து, அடியில் மிச்சம் இருப்பது தெரியும். கூண்டுக்கு அடியில் எச்சம் இருக்கிறதா?

சபாபதி: நிறைய இருக்கிறது. பேப்பரில் தலையங்கம் முழுக்க.

முருகேசன்: அப்படியென்றால் தின்கிறது. நீங்கள் இல்லாத நேரம் பார்த்துத் தின்கிறது. பயந்தாங்கொள்ளி, அவ்வளவுதான். இறகை உப்பவைத்துக்கொண்டு, வால் மேலும் கீழும் ஆட, கூண்டின் தரையிலேயே உட்கார்ந்திருந்தால் சொல்லுங்க. அது வியாதி. உடனே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சபாபதி: தரையில் இல்லை. கம்பியில்தான் இருக்கிறது. பயம் போகட்டும் என்று கையை உள்ளே விட்டுத் தடவிக்கூடக் கொடுத்தேன்.

முருகேசன்: மேலேயிருந்தா?

சபாபதி: பிறகு, கீழேயிருந்தா?

முருகேசன்: மேலேயிருந்து எது இறங்கினாலும் அதற்குப் பருந்துதாங்க. பழகிய பிறகு விரலை வயிற்றுக்குக் கீழே, கால் பக்கமாக மெதுவாக நீட்டுங்க. அதுவாக ஏறும். இப்போது கையே விட வேண்டாம், தீனி தண்ணீர் மாற்றும்போது தவிர.

சபாபதி: அமெரிக்காவில் பக் என்று ஒன்று, இதே இனம், 1,728 வார்த்தை பேசிக் கின்னஸில் ஏறியிருக்கிறது. பேரன் படித்துக் காட்டினான். நானும் திருக்குறளில் ஆரம்பித்தேன்.

முருகேசன்: வந்த முதல் வாரத்தில் அந்தப் பக் எத்தனை வார்த்தை பேசியதாம்?

சபாபதி: அதைப் போடவில்லை.

முருகேசன்: போட மாட்டார்கள். மூக்கு மேலே என்ன நிறம் சார்?

சபாபதி: தவிட்டு நிறம். கொஞ்சம் சொரசொரப்பு.

முருகேசன்: நல்லா வளர்ந்த ஆணுக்கு அங்கே நீலம் இருக்கும். இது பொண்ணுங்க. பெரும்பாலும் ஆண்தான் பேசும்.

சபாபதி: (நீண்ட மௌனம்) எண் கணிதம் பார்த்து வைத்த பெயர்.

முருகேசன்: கூப்பிட்டுவிட்டுப் போங்க, அதற்கு என்ன தெரியப்போகிறது.

சபாபதி: பேசாமல் பச்சைக்கிளியே வாங்கியிருக்கலாம்.

முருகேசன்: அதைச் சத்தமாகச் சொல்லாதீர்கள். 1972 வனவிலங்குச் சட்டப்படி நம் ஊர்க் கிளியை வளர்க்கக் கூடாது. வனத்துறை வந்து நிற்கும். இது ஆஸ்திரேலியாப் பறவை, தொந்தரவில்லை.

சபாபதி: சரி, இப்போது நான் என்னதான் செய்ய வேண்டும்?

முருகேசன்: கூண்டிலிருந்து தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படிங்க.

சபாபதி: உரக்கவா?

முருகேசன்: மனசுக்குள்ளே. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியைக் கிட்டே நகர்த்துங்க. நீங்கள் இருக்கும்போதே அது உரித்துத் தின்ன ஆரம்பித்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் மெதுவாகப் பேச்சுக் கொடுக்கலாம்.

சபாபதி: அதுவரை சும்மா இருப்பதா? முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான்!

(சபாபதியின் செல்போன் அடிக்கிறது.)

சபாபதி: சொல்லு... என்னது, கத்துகிறதா?... ஊஞ்சலில் ஏறிவிட்டதா?... எப்போதிலிருந்து?... ஓ... நான் செருப்பு மாட்டிக் கிளம்பியதிலிருந்தா... சரி... சரி, வரவில்லை. (வைக்கிறார்.)

முருகேசன்: என்னங்க?

சபாபதி: இன்னும் ஒரு மணி நேரம் வெளியிலேயே இருக்கச் சொல்கிறாள்.

முருகேசன்: அந்தப் பெஞ்சில் உட்காருங்க சார். பேப்பர் இருக்கிறது. நானும் உங்களைப் பார்க்காத மாதிரியே தேய்க்கிறேன்.