ஸ்டென்ட் வைத்தபின் எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்கிறார்கள்?

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழாயை வைத்து அடைப்பை விலக்கிவிட்டோம், ரத்த ஓட்டம் சரியாகிவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் குடும்பமே கையெடுத்துக் கும்பிடுகிறது. மருத்துவமனைக் கணக்கில் அது ஒரு வெற்றி. அந்த மனிதர் ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார் என்பது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது.

இதய ரத்தக்குழாய் அடைப்பைப் படமெடுத்துப் பார்க்கும் ஆஞ்சியோவுக்குக் கோவைக்கும் சென்னைக்கும் ஓடிய காலம் போய், அதைச் செய்யும் கேத் லேப்கள் சேலத்திலேயே வந்துவிட்டன. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை கைகொடுக்கிறது. 2017இல் மத்திய அரசு ஸ்டென்டுக்கு உச்சவரம்பு விலை வைத்தது. நெஞ்சுவலிக்காரரை ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக் கொண்டுவரும் குடும்பத்துக்கு அருகிலேயே சிகிச்சை கிடைப்பதன் அருமை தெரியும். ஆகவே சின்ன மருத்துவமனைகளைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. அவை நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பெரியப்பா செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு வேலை செய்தவர். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு வந்தபின் மாடிப்படி ஏறவே பயந்தார். இரவில் நெஞ்சில் கைவைத்தபடி விழித்திருப்பார். மறுபரிசோதனைக்குப் போனால் ஈசிஜி, எக்கோ, மாத்திரைச் சீட்டு, அவ்வளவுதான். எல்லாம் நார்மல் என்றார்கள். பட்டறைக்குப் போகிறீர்களா, தூக்கம் வருகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர் பட்டறைக்குத் திரும்பவே இல்லை.

இதைக் கேட்பதற்கு முறையே இல்லாமல் இல்லை. 1995இலேயே அமெரிக்க இதய மருத்துவர் ஜான் ஸ்பெர்டஸ் குழுவினர் சியாட்டில் ஆஞ்சைனா வினாப்பட்டியலை வெளியிட்டார்கள் (ஆஞ்சைனா என்றால் இதயத்துக்கு ரத்தம் போதாமல் வரும் நெஞ்சுவலி). கடந்த நான்கு வாரங்களில் எத்தனை முறை வலி வந்தது, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை, நோயை நினைத்து எவ்வளவு கவலை என்று அதில் நோயாளியே பதில் சொல்வார். பிறகு ஏழே கேள்விகள் கொண்ட சுருக்க வடிவமும் வந்தது. அதை நம் ஊர் வாழ்க்கைக்கேற்பக் கேட்க வேண்டும். தறிக்காரரிடம் மிதிகட்டையை மிதித்தால் மூச்சு வாங்குகிறதா என்றும், காபித் தோட்டத்துப் பெண்ணிடம் பழக்கூடையோடு மேடு ஏற முடிகிறதா என்றும் கேட்டால்தான் பதில் உருப்படியாக வரும்.

சிகிச்சைக்கு முன்பும் அதே கேள்விகளைக் கேட்பது முக்கியம். மாரடைப்பு வந்தவருக்கு உடனே அடைப்பை நீக்குவது உயிர் காக்கும், அதில் விவாதமே இல்லை. நடந்தால் மட்டும் வலி வரும் நாள்பட்ட நோயில் விஷயம் வேறு. 2017இல் வெளியான ஆர்பிட்டா ஆய்வில், பிரிட்டனில் 200 பேரில் பாதிப்பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், மற்றவர்களுக்கு வைத்ததுபோல் பாவனை மட்டும் செய்தார்கள். எல்லோருக்கும் மாத்திரைகளும் முறையாகக் கொடுக்கப்பட்டிருந்தன. ஆறு வாரம் கழித்து நடைத்திறனில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. 2023இல் வந்த இரண்டாம் ஆய்வில் நெஞ்சுவலியைத் தடுக்கும் மாத்திரைகளை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது, ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு வலி தெளிவாகக் குறைந்தது. யாருக்குப் பலன், எவ்வளவு பலன் என்பது நோயாளி வாயிலிருந்து வர வேண்டிய செய்தி.

எண்ணிக்கை குறைவான மருத்துவமனையில் நாலு பேர் பதிலே சராசரியைப் புரட்டிப்போடும், முற்றிய நிலையில் வருபவர்களை ஏற்கும் இடத்தின் மதிப்பெண் குறையும் என்று மருத்துவ நண்பர்கள் சொல்கிறார்கள். நியாயம். அதனால்தான் மருத்துவமனைகளுக்குத் தரவரிசை கேட்கவில்லை. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் நோயாளிகள் சிகிச்சைக்கு முன்பு இருந்த நிலையையும் பின்பு இருக்கும் நிலையையும் ஒப்பிட்டால் போதும். பெரிய நகரத்தில் நோயாளி கூட்டத்தில் கரைந்துபோவார். இங்கே நர்ஸம்மாவுக்கு நோயாளியின் தெருவே தெரியும், ஒரு போனில் விசாரித்துவிடலாம். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடுதேடி வந்து சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை தரும் பணியாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம், கூடுதல் ஊதியம் தந்துதான் இதைக் கேட்க வேண்டும்.

காப்பீட்டுத் திட்டத்தின் அதிகாரிகளிடம் என் கோரிக்கை இதுதான்: ஸ்டென்டுக்குப் பணம் தரும்போது, சிகிச்சைக்கு முன்பும், ஒரு மாதத்திலும், ஆறு மாதத்திலும் தமிழில் அந்த ஏழு கேள்விகளைக் கேட்டுப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்குங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் வாசித்துக் காட்டட்டும். பதில்களை அந்த மருத்துவரே முதலில் பார்க்கட்டும்.