சூப்பர்மேனின் முதல் எதிரிகள்

சூப்பர்மேனைப் புதிதாக மாற்றி எழுதும் ஒவ்வொரு முறையும், "இவர் எங்கள் பழைய சூப்பர்மேன் இல்லை" என்ற வருத்தக் குரல்கள் எழுகின்றன. அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் நெஞ்சில் வைத்திருக்கும் அந்தப் பழைய சூப்பர்மேனும் காலத்துக்கேற்ப மாற்றி எழுதப்பட்டவர்தான்.

கிளீவ்லாந்தைச் சேர்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரு யூத இளைஞர்கள் 1938இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் அறிமுகப்படுத்திய நாயகருக்குப் பறக்கத் தெரியாது. ஒரே தாவலில் எட்டில் ஒரு பங்கு மைல் கடப்பார், அவ்வளவுதான். அந்த ஒரே இதழில், செய்யாத கொலைக்காக மரண தண்டனை பெற்ற பெண்ணைக் காப்பாற்றுகிறார், மனைவியை அடிக்கும் கணவனைப் புரட்டியெடுக்கிறார், செனட்டரை வளைத்துப்போட்ட தரகனைத் தூக்கிக்கொண்டு தொலைபேசிக் கம்பிகளின் மீது ஓடுகிறார். மூன்றாம் இதழில், தொழிலாளரின் உயிரைப் பொருட்படுத்தாத சுரங்க முதலாளியை அவனுடைய சுரங்கத்துக்குள்ளேயே சிக்கவைத்து, பாதுகாப்பின்மை என்றால் என்னவென்று உணர்த்துகிறார். எட்டாம் இதழில் ஒரு சேரிப் பகுதியையே இடித்துத் தள்ளுகிறார்; அங்கே அரசு நல்ல வீடுகளைக் கட்டித்தர வேண்டும் என்பதற்காக. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையும் வீடும் இழந்தவர்களின் கோபத்தை நான் இக்கதைகளில் காண்கிறேன்.

பிறகு அவருடைய வலிமை ஏறிக்கொண்டே போனது. பறந்தார், கோள்களையே நகர்த்தினார். கோளை நகர்த்துகிறவருக்கு வாடகை வீட்டில் குடியிருப்பவரின் துயரம் எப்படிக் கதையாகும்? எதிரிகளை விண்வெளியிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருந்தது. போதாக்குறைக்கு, அதிகாரிகள் மீதும் அரசு அமைப்புகள் மீதும் அவமதிப்பு உண்டாகும்படி எதையும் காட்டக்கூடாது என்று காமிக்ஸ் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே 1954இல் வகுத்துக்கொண்ட காமிக்ஸ் நெறிமுறை விதித்தது. லஞ்சம் வாங்கும் செனட்டருக்கு அதன்பின் ஏது இடம்? என்னைப் பொறுத்தவரை உண்மையான இழப்பு இங்கேதான் நேர்ந்தது. உடையின் நிறத்தையும் தலைமுடியையும் பற்றிய சண்டைகளெல்லாம் இதன்முன் சிறியவை.

1971இல் டென்னிஸ் ஓ'நீலும் 1986இல் ஜான் பைர்னும் தாங்கள் எழுதிய கதைகளில் சூப்பர்மேனின் வலிமையைக் குறைத்தார்கள். அது தேவையான வேலைதான். ஆனால் முதல் சூப்பர்மேனின் அறச்சீற்றத்தை 2011இல் கிராண்ட் மாரிசன் எழுதிய ஆக்‌ஷன் காமிக்ஸில்தான் மீண்டும் கண்டேன். அதில் டி-ஷர்ட்டும் ஜீன்ஸும் அணிந்த ஓர் இளைஞன், அவன்தான் இந்தச் சூப்பர்மேன், ஊழல் தொழிலதிபரை மாடியிலிருந்து தூக்கிப்பிடித்து உண்மையைச் சொல்லவைக்கிறான். புதுமோகம் என்று சிலர் ஒதுக்கிய அந்த இளைஞன்தான் 1938ஆம் ஆண்டு சூப்பர்மேனுக்கு மிக நெருங்கிய உறவினன்.

2019இல் ஜீன் லூவென் யாங் எழுதத் தொடங்கிய கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். சூப்பர்மேன் நிறவெறிக் கும்பலை எதிர்த்து நிற்கும் 1946ஆம் ஆண்டு வானொலித் தொடரை அவர் எடுத்துக்கொண்டு, அந்தக் கும்பலுக்கு இலக்காகும் சீனக் குடும்பத்தின் சிறுமியுடைய கண்களால் மறுபடி சொன்னார். அந்தக் கதையின் தொடக்கத்திலும் சூப்பர்மேன் பறப்பதில்லை. முதல் இதழில் ஓடியதைப் போலவே கம்பிகளின் மீதுதான் ஓடுகிறார்.